மாதம் அறுநூறு ரூபாய்: வருமானம் தராத ஒரு லினோ அச்சு மேசையின் கணக்கு

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு வாடகை வீடு. மாடிப்படிக்கு அடியில் இரண்டடிக்கு மூன்றடி மேசை, அதன் கீழே ஒரு தகரப் பெட்டி. மேசைமேல், படத்தைச் செதுக்கி மை பூசித் தாளில் அச்செடுக்கும் லினோ ஷீட், ஐந்து உளி, ஒரு ரோலர், மை தேய்க்க ஒரு கண்ணாடித் துண்டு. அந்த மேசை வந்து ஆறு வருடம் ஆகிறது. இதுவரை அது கொண்டுவந்ததைவிட எடுத்துக்கொண்டதுதான் அதிகம். அதை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா என்ற பேச்சு அந்த வீட்டில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் என்ன பதில் சொல்லப்பட்டது, அந்தப் பதில் எத்தனை நாள் தாங்கியது என்பதை இங்கே எழுதுகிறோம்.

இதில் வருகிறவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே படம் செய்கிறவர்களின் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே வீட்டில் சேர்த்து எழுதியிருக்கிறோம். தொகைகளும் மணிகளும் அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்று காட்டுவதற்காக அமைத்தவை.

படம் செய்பவர் 39 வயதுப் பெண். ஓவியம் படித்தவர். ஒரு தனியார் மருத்துவமனையில் பில் கவுன்டர் வேலை, சம்பளம் 17,500. கணவர் லோடு வேன் ஓட்டுகிறார், அவர் பங்கு ஏறக்குறைய 19,000. எட்டாவது படிக்கும் பெண், ஐந்தாவது படிக்கும் பையன், மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த மாமியார். வீட்டு வாடகை 7,500. இதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. எந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிகிற வீடு.

அந்த மாமியார்தான் முதலில் கேட்டவர். “எவ்வளவு நேரமா குனிஞ்சிகிட்டு செதுக்குற. இதுல என்னம்மா வருது?” குத்தலாகக் கேட்கவில்லை. மருமகளுக்குக் கழுத்து வலி என்பது அவருக்குத் தெரியும்.

முதல் பதில்: “கண்காட்சி வச்சா வித்துடும் அத்தை”

இந்தப் பதிலைச் சொல்லாத ஓவியர் அபூர்வம். இதில் பொய் இல்லை, நம்பிக்கைதான். ஆனால் கேட்டவர் காதில் அது கடன் பத்திரமாக விழுகிறது. அன்றிலிருந்து அந்த வீடு ஒரு வரவை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

எதிர்பார்த்தது போலவே கண்காட்சி வந்தது. பத்து மாதக் குலுக்கல் சீட்டு, மாதம் 2,500. நான்காவது மாதம் பெயர் விழுந்து 25,000 கைக்கு வந்தது. 22 படங்களுக்கு ஃப்ரேம், ஒன்று 650 வீதம் 14,300. இரண்டு நாள் ஹால் வாடகை 6,000. அழைப்பிதழ், டீ, பிஸ்கட் 2,400. வண்டி 1,500. மொத்தம் 24,200. விற்றவை நான்கு, ஒன்று 1,500 வீதம் 6,000. வாங்கிய நால்வரில் இருவர் கூட வேலை செய்கிறவர்கள், ஒருவர் கணவரின் நண்பர். முன்பின் தெரியாத ஆள் ஒரே ஒருவர். கையை விட்டுப் போனது 18,200. சீட்டுத் தவணை இன்னும் ஆறு மாதம் பாக்கி.

எங்கே தப்பு என்று கேட்டால் பெரும்பாலோர் ஹாலைச் சொல்வார்கள், விளம்பரத்தைச் சொல்வார்கள். எங்கள் பார்வையில் தப்பு ஃப்ரேமில் தொடங்கியது. விலையைக் குறைக்க, படத்தைச் சுற்றிச் சட்டம்போல் வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டை இல்லாமல் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து அடித்துக் கொடுத்துவிட்டார்கள், முதுகுக்குச் சாதாரண ப்ளைவுட். அது சித்திரையில் தெரியாது. ஐப்பசியில் தெரியும். கடற்கரை ஊரில் மழைக்காலக் காற்றின் ஈரம் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே நின்றுவிடும். மை படிந்த இடம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கறுப்பு கண்ணாடியோடு வந்துவிடும். ப்ளைவுட்டில் இருக்கும் அமிலம் தாளின் முதுகில் பழுப்புக் கறையாக ஏறும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சிறு இடைவெளி தரும் மவுண்ட் அட்டையும், முதுகில் அமிலமில்லாத அட்டையும் வைத்திருந்தால் படம் பிழைத்திருக்கும். விற்காத 18 ஃப்ரேமில் 7 அந்த மழையோடு போயின. மீதி பீரோ மேலே ஏறின. வீட்டில் யாரும் திட்டவில்லை. சீட்டுத் தவணை கட்டும் ஐந்தாம் தேதி வரும்போதெல்லாம் எல்லோரும் ஒரு முறை பீரோ மேலே பார்த்தார்கள்.

இரண்டாவது பதில்: “விற்கிற மாதிரி செய்கிறேன்”

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே வெள்ளையர் தெருக்களில் நினைவுப்பொருள் கடைகளில் என்ன போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது: மஞ்சள் சுவர், காகிதப்பூ, சாய்த்து வைத்த சைக்கிள், சிவப்புத் தொப்பிப் போலீஸ். அஞ்சல் அட்டையைவிடப் பெரிய ஏ5 அளவில் எட்டு லினோத் தகடு வெட்டினார். ஒவ்வொன்றிலும் 20 படி (பிரதி), மொத்தம் 160.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும். இந்தப் பாதையில் போகிற பலர் கணக்கே போடாமல் களைத்துப்போகிறார்கள்.

கடையில் விலை 350. கடைக்கு 40 சதவீதம். கைக்கு வருவது 210. தாள், மை 35. பிளாஸ்டிக் உறை, முதுகு அட்டை 15. ஆக ஒரு படிக்கு 50 செலவு, 160 படிக்கு 8,000. எட்டுத் தகடு வரைந்து வெட்ட, தகட்டுக்கு 9 மணி வீதம் 72 மணி. அச்சடித்து, கையெழுத்திட்டு, உறையில் போடப் படிக்கு 20 நிமிடம், 53 மணி. மாதம் ஒரு நடை புதுச்சேரிக்குப் போய்க் கணக்குப் பார்த்து வர 4 மணி, வருடத்துக்கு 48 மணி. பஸ் 960. மொத்தம் 173 மணி.

முதல் வருடம் விற்றவை 74. வரவு 15,540. செலவு 8,960 போக மிச்சம் 6,580. மணிக்கு 38 ரூபாய்.

அதே பில் கவுன்டரில் ஓவர்டைம் பார்த்தால் மணிக்கு 70.

மீதி 86 படி அடுத்த வருடம் விற்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏனென்றால் தகடு வெட்டிய வேலை ஒரு முறைதான். இரண்டாம் வருடம் 31 விற்றன. 19 உறைக்குள் பூஞ்சை பிடித்தும் முனை மடங்கியும் திரும்பி வந்தன. ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் தாளின் ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியே போக வழியில்லை. 36 தங்கிவிட்டன. கடைக்காரர் வேறு படம் கேட்டார், அவர் கேட்பதும் சரிதான், வாடிக்கையாளருக்குப் புதிது வேண்டும். 31 படிக்கு 6,510. பஸ் போக 5,550. இரண்டு வருடமும் சேர்த்து 221 மணிக்கு 12,130. மணிக்கு 55. அப்போதும் ஓவர்டைமை எட்டவில்லை.

இதற்கு இன்னொரு விலையும் உண்டு. அந்த இரண்டு வருடத்தில் முதல் ஒன்பது மாதம் அவர் தனக்காக ஒரு தகடுகூட வெட்டவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்து வரைந்த கோட்டுப் படங்கள் ஒரு நோட்டு நிறைய இருந்தன, நோட்டைத் திறக்கவில்லை. காசுக்காகச் செய்த வேலை காசும் தரவில்லை, இருந்த நேரத்தையும் தின்றது. வீட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் மாதம் பத்து மணி ஓவர்டைம் பார்ப்பது இதைவிட நேர்மையான வழி. பணத் தேவையைப் படத்தின் தோளில் ஏற்றாமல் இருக்க அதுவே உதவும்.

கைவினையை விற்றுக் கலையைக் காத்தவர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் சென்னை அருகே தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படி எழுந்ததுதான். பாத்திக் துணியும் பிற கைவினையும் செய்து விற்ற பணம் நிலத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது. ஆனால் அவர்கள் கூட்டாகச் செய்தார்கள், கூட்டாக விற்றார்கள், ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருந்தார்கள். தனி ஆளாக ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மாடிப்படி அடியில் உட்கார்ந்து அதே வழியில் போவது வேறு. இன்னொரு வழியைப் புதுச்சேரியே காட்டியிருக்கிறது. பாரதிதாசன் 1946இல் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத் தமிழாசிரியர். சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொண்டது. இந்த வீட்டுக்குப் பொருந்துவது இரண்டாவது வழி.

எல்லை தாண்டி விற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, யாரும் யோசிப்பதில்லை. கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். இடையில் ஒரு பாலம்தான், ஆனால் ஜிஎஸ்டி சட்டத்துக்கு அது மாநிலத்துக்கு வெளியே விற்பனை. அப்படி விற்கும் சரக்குக்குப் பதிவு கட்டாயம் என்ற விதியும், பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்குச் சிறு விற்பனை அளவு வரை விலக்கும் இருக்கின்றன. கடையில் வைக்கும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஒரு பதிப்பு என்றால் என்ன ஆகும்

மூன்றாவது பதிலுக்குப் போகுமுன் வேலையையே பார்த்துவிடலாம். ஒரே தகட்டிலிருந்து எண்ணிட்டு எடுக்கும் படிகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பதிப்பு. எவ்வளவு ஆகும் என்று சரியாகத் தெரியாதவரை வீட்டில் எதையும் பேசி முடிக்க முடியாது. “கொஞ்சம் செலவாகும்” என்ற சொல்தான் சண்டையின் விதை.

ஏ4 அளவு லினோ ஷீட் 200 ரூபாய். ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் படியவைத்த பொருள் அது. பழசானால் இறுகும். இறுகிய ஷீட்டில் உளி வழுக்கும், வழுக்கினால் இடதுகை ஆள்காட்டி விரல்தான் முதலில் மாட்டும். வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் இளகும். கத்திரி வெயிலில் மறந்து விட்டுவிட்டால் ஓரம் உதிரத் தொடங்கும். உளியை, உலோக பாலிஷ் தடவிய தோலில் அவ்வப்போது தீட்டிக்கொள்ள வேண்டும். மொட்டை உளியை அழுத்துகிறவர்களுக்குத்தான் காயம் படுகிறது.

தாள், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் போன்ற பருத்தித் தாள், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை). ஏழு முழுத்தாள், தலா 100 வீதம் 700. ஒவ்வொன்றையும் நான்காக மடித்துக் கிழித்தால் 28 துண்டு: பதிப்புக்கு 20, ஓவியர் தனக்கென வைத்துக்கொள்ளும் படி 3, கெட்டுப்போக 5. ஐந்து கெடும், குறைத்துப் போடாதீர்கள். கைக்காகிதத்தின் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். கையால் தேய்த்து அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்தில் மை புள்ளி புள்ளியாக விடும். வழுவழுப்பான பக்கத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலில் மூலையில் குறித்துக்கொள்ள வேண்டும். முந்தின இரவு ஸ்பாஞ்சால் லேசாக நனைத்து, அடுக்கி, பாலிதீனில் சுற்றி வைத்தால் காலையில் தாள் மெத்தென்று மையை வாங்கும். ஒரு இரவுதான். இரண்டு நாள் விட்டால் கார்த்திகை மாதத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிடும்.

மை 150. ஆப்செட் அச்சகத்து மை டின்னாகக் கிடைக்கும், மலிவு. தளர்வாக இருந்தால் கொஞ்சம் மக்னீசியம் கார்பனேட் தூள் சேர்த்துக் கெட்டியாக்கலாம். கண்ணாடியில் மையைப் பரப்பி ரோலரை ஓட்டும்போது காதைக் கொடுங்கள். அளவு அதிகமென்றால் ரோலர் சப் சப் என்று ஒட்டி ஒட்டி விடும். சரியான அளவில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது அடங்கும்போது வருமே, அந்த மெல்லிய சர் சத்தம் வரும். கண்ணைவிட இந்தச் சத்தம் நம்பகமானது. மை அதிகமாகப் போனால் நுண்ணிய கோடுகள் அடைத்துக்கொள்ளும், தாளில் ஓரம் பிதுங்கும், காயவும் காயாது.

அச்சு இயந்திரம் இல்லை. மரக்கரண்டியின் முதுகால் சிறு சிறு வட்டமாகத் தேய்ப்பது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்க வேண்டும். மை பூசுவதையும் சேர்த்துத் துண்டுக்கு ஏறக்குறைய 17 நிமிடம். முதுகு நேராக உட்கார உயரம் போதாத மேசை என்றால் பத்தாவது படியில் கழுத்து சொல்லிவிடும். மேசைக் காலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தது இந்த வீட்டில் பெரிய வித்தியாசம் தந்தது.

காயவைப்பது கொடியில் கிளிப் போட்டு. வெயில் காலத்தில் நாலைந்து நாள், ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள்கூட. காயாமல் அடுக்கினால் ஒன்றன் முதுகில் மற்றொன்றின் படம் ஏறும். அதனால் பதிப்பு அச்சடிப்பதைத் தை முதல் ஆவணி வரை வைத்துக்கொண்டு, மழை மாதங்களில் வரைவது, தகடு வெட்டுவது என்று பிரித்துக்கொள்வது இந்த ஊருக்குச் சரி. தகரப் பெட்டி புரட்டாசி கடைசியில் பரணுக்கு ஏறிவிட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியது புதுச்சேரி அருகே. தரைமட்டத்தில் தாள் வைக்கும் ஊர் இது இல்லை. படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் போதும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் தேவையே இல்லை. சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு மையைத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. வீட்டில் எழும் ஆட்சேபத்தில் பாதி நாற்றத்தைப் பற்றியது. அதைப் போக்கினால் பேச்சு பாதியாகக் குறைகிறது. எண்ணெய், பட்டர் பேப்பர், டேப், துணி எல்லாம் 150.

ஆக ஒரு பதிப்புக்கு 1,200 ரூபாய், படிக்கு 60. நேரம்: வரைந்து தகட்டில் ஏற்ற 6 மணி, வெட்ட 14, சோதனைப் படியும் திருத்தமும் 3, அச்சு 8, எண்ணிட்டுக் கையெழுத்திட 2. மொத்தம் 33 மணி.

மூன்றாவது பதில்: நோட்டில் ஒரு பக்கம்

மூன்றாம் முறை கேள்வி வந்தபோது அவர் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, வருடத்துக்கு நான்கு பதிப்பு, 4,800. உளி, ரோலர், தோல்வியடையும் தகடுகளுக்கு 2,400. மொத்தம் 7,200, மாதம் 600 என்று எழுதினார். வரவு என்ற இடத்தில் சுழியம் போட்டார்.

அந்தச் சுழியம்தான் இந்த ஆய்வின் மையம். படம் செய்வதற்கு நியாயம் கேட்கப்படும்போது நாம் படத்துக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறோம். மன அமைதிக்காக என்கிறோம், ஒருநாள் மேசையிலிருந்து எரிச்சலோடு எழுந்து வந்தால், “இதுக்குத்தான் அமைதியா?” என்ற கேள்வி தயாராக இருக்கும். பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்கிறோம். பிள்ளை திரும்பிப் பார்க்காவிட்டால் அதுவும் பாக்கி. நாளைக்கு அங்கீகாரம் கிடைக்கும் என்பது எல்லாவற்றிலும் பெரிய கடன், தவணைத் தேதியே இல்லாதது. வீட்டில் உள்ளவர்கள் கேட்க உரிமை உள்ளது ஒன்றுதான்: எங்கள் காசில் எவ்வளவு, உன் நேரத்தில் எங்களுக்குச் சேர வேண்டியதில் எவ்வளவு. அதற்கு ரூபாயிலும் மணியிலும் பதில் சொல்ல முடியும். 36,500இல் 600, நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். அதைக் கேட்டு வாங்க வேண்டும், எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இந்த இடத்தில் மற்றவர் செலவை இழுக்கவே கூடாது. கணவரின் டீக்கடைக் கணக்கு, கேபிள், செல்போன் ரீசார்ஜ் என்று ஒப்பிட்டால் வாதத்தில் ஜெயிக்கலாம். மேசை தோற்றுப்போகும்.

கணவர் அந்த நோட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “அறுநூறுதானே, எழுதி வச்சுடு. சீட்டு எடுக்கறது, நகை வைக்கறது மட்டும் வேணாம்.” அதுவும் பக்கத்தில் ஏறியது. பழைய 18,200ஐ மேலே எழுதிக் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். அதைப் படம் விற்றுத் திருப்பித் தருவேன் என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் முதல் பதில் மறுபடி உள்ளே வந்திருக்கும்.

நேரம் வாரம் ஐந்து மணி. புதன், சனி இரவு ஒன்பதரை முதல் பதினொன்று. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு. பிள்ளைகளின் பரீட்சை வாரங்களில் இரவு வேலை கிடையாது. வருடத்துக்கு 240 மணி வரும், நான்கு பதிப்புக்கு 132 போக மீதி வரைவதற்கும் வீணாவதற்கும். வீணாவதற்கு என்று வெளிப்படையாக எழுதி வைப்பது முக்கியம். ஒவ்வொரு மணியும் ஏதாவது படமாகியே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் கை பழகிய கோட்டையே திரும்பப் போடும். இரவில் வெட்டுவதைவிட வரைவது நல்லது. நாள் முழுக்க பில் போட்ட கண்ணோடு உளி பிடித்தால் ஒரு நொடி வழுக்கலில் பதினான்கு மணி வேலை போகும். வெட்டுவது ஞாயிற்றுக் காலைக்கு.

விற்பனையை மறுக்கவில்லை. கேட்டவருக்கு விலை 600, யூபிஐயில் வாங்கித் தகரப் பெட்டிக் கணக்கில் போடுவது. சொந்தக்காரர்களுக்குப் பாதி விலை என்ற ஒன்று கிடையாது. சும்மா கொடுக்கலாம், இல்லையென்றால் முழு விலை. பாதி விலை வாங்கியவர் தான் உதவி செய்ததாக நினைப்பார், கொடுத்தவர் தான் இழந்ததாக நினைப்பார். யாருக்கு எந்த எண் போனது என்று பதிவு வேண்டும்: 20இல் 7ஆம் படி அக்காவுக்கு, 20இல் 12ஆம் படி சிறுபத்திரிகை அட்டைக்கு. சிறுபத்திரிகை தருவது தபாலில் இரண்டு பிரதி. அதைத் தெரிந்துதான் கொடுக்கிறோம். முதல் வருடம் நேரில் விற்றவை 6, வரவு 3,600. சுழியம் எழுதிய இடத்தில் வந்ததால் அது அந்த வீட்டில் கூடுதலாகத் தெரிந்தது. 80 படியில் 30 சும்மா கொடுத்தவை. மீதி பெட்டியில்.

நோட்டு எழுதியதும் குற்ற உணர்ச்சி போய்விடுமா என்றால், உடனே போகாது. அது வேலையில் தெரியும் விதங்கள் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சோதனைப் படி எடுக்காமல் நேரே பதிப்புக்குப் போவது. யாராவது வந்தால் தாளைக் கவிழ்த்து வைப்பது. தகட்டை முடிக்காமலே அடுத்ததைத் தொடங்குவது, முடித்தால் “இதை என்ன செய்யப்போற?” என்ற கேள்வி வருமே என்று. கடைசிப் பழக்கம்தான் அதிகம் கெடுக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே தகடு என்று வைத்துக்கொண்டால் அது நிற்கும்.

முதுநகர் நோட்டிலிருந்து அவர் வெட்டிய முதல் தகடு, படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னும் ஒரு முதியவர். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். கையில் வலை ஊசி. விரல் இடுக்கில் நூல். சோதனைப் படி கொடியில் தொங்கியது. மாமியார் துணி எடுக்க வந்தவர் நின்று பார்த்தார்.

“இந்த ஆளு என்ன பீச்சாங்கையா?”

லினோவில் வெட்டியது தாளில் இடம் வலம் மாறி விழும். கோட்டுப் படத்தைப் பட்டர் பேப்பரில் நகலெடுத்து, அந்தப் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டுத்தான் தகட்டில் தேய்த்து ஏற்ற வேண்டும். அவர் கவிழ்க்க மறந்திருந்தார். எழுத்து இருக்கும் படத்தில் யாரும் மறக்க மாட்டார்கள், முதல் சோதனையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். முகம், மரம், படகு என்றால் திரும்பினாலும் கண் ஒத்துக்கொள்ளும். வலை பின்னும் கையைப் பார்த்துப் பழகிய கண்தான் பிடித்தது. மாமியார் அங்கேயே நின்று, ஊசி எந்தப் பக்கத்திலிருந்து கண்ணிக்குள் நுழையும், முடிச்சை எந்த விரல் இறுக்கும் என்று வெறுங்கையில் செய்து காட்டினார். கோட்டுப் படத்தில் முடிச்சு விரலும் தப்பாக இருந்தது, அது கவிழ்ப்பதால் சரியாகிற தப்பு இல்லை.

புது ஷீட் 200 ரூபாய், வெட்டியது 14 மணி. நோட்டில் 2,400இன் கீழ் “வலைக்காரர், முதல் தகடு” என்று எழுதினார். இரண்டாவது தகடு மூன்று ஞாயிறுகளாக நடக்கிறது, கால் கட்டைவிரலும் வலையும் முடிந்து கைக்கு வந்திருக்கிறது. மாமியாரை முற்றத்தில் உட்கார வைத்து, கையில் சணல் நூல் கொடுத்து, கையை மட்டும் தனியாக ஆறு முறை வரைந்தார்.

சோதனைப் படிக்கு நல்ல தாளை எடுக்க அவர் விரும்பவில்லை. புதுச்சேரிக் கடைக்குச் செய்து விற்காத 36 படிகள் இருக்கின்றன. மை முழுக்கக் காய்ந்துவிட்டது, கரண்டியின் அழுத்தத்தைத் தாங்கும். அளவு பாதிதான், அதனால் கை இருக்கும் பகுதியை மட்டும் அதன் முதுகில் எடுத்துப் பார்க்கலாம். சொரசொரப்பான பக்கம், புள்ளி புள்ளியாகத்தான் விழும், விரல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.